இரண்டு ரிங் இரட்டிப்பு, மூன்று ரிங் வேண்டாம்

786
கோரிப்பாளையம்
4-8-2008

சமயநல்லூர் வாழைத்தோப்பு திரு. நல்லகாமன் அவர்களுக்கு,

இலைக்கடை அப்துல் அலீம் எழுதுவது. நலம் விசாரிக்கிற நிலையில் நாம் இல்லாததால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கடிதத்தைப் பத்து மணி பஸ்ஸில் திரும்புகிற வெறும் சாக்குக்குள் வைத்திருக்கிறேன். பதில் எழுதினால் காலை முதல் பஸ்ஸில் வரும் இலைக்கட்டுக்குள் வைத்துவிடவும். தபால்காரரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

பதினோரு வருஷமாக நமக்குள் பேச்சு இல்லை. ஆனாலும் வியாபாரம் ஒருநாள் நிற்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் போன் அடிப்பேன், நீங்கள் எடுக்க மாட்டீர்கள். ஒரு ரிங் அடித்து வைத்தால் வழக்கமான முப்பது கட்டு. இரண்டு ரிங் இரட்டிப்பு. மூன்று ரிங் வேண்டாம். எடுக்காத போனுக்குக் கட்டணமும் இல்லை. இதைவிட மலிவாக இந்த மதுரையில் எவனும் வியாபாரம் பண்ணியிருக்க முடியாது.

இப்போது என்ன ஆயிற்று என்றால், எங்கள் தெருவில் பள்ளம் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். தோண்டும்போதெல்லாம் ஒயர் அறுந்து லைன் செத்துப்போகிறது. போன மாதம் ஒன்பது நாள். என் மகன் அல் அமீன் கம்ப்யூட்டர் படித்தவன். கேபிள் டி.வி. கேபிளிலேயே இன்டர்நெட் வருகிறது, அதில் ஒரு பெட்டியை மாட்டி போனைச் சொருகினால் கடைக்கும் தோப்புக்கும் நாள் முழுக்கப் பேசினாலும் காசே கிடையாது என்கிறான். இரண்டு பழைய லைனையும் சரண்டர் பண்ணிவிட்டால் வாடகையும் மிச்சம்.

ஆடி மாதம், கல்யாணம் இல்லை. மாற்ற இதுதான் தோது. ஆவணி பிறந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. செல்போன் ஆகாது என்பது இருவருக்கும் தெரியும். நான் வாங்கி அனுப்பியதில் ஒன்று கிணற்றில் விழுந்தது, ஒன்றை மாடு மிதித்தது.

சம்மதம் என்றால் அல் அமீன் வருவான்.

அ. அப்துல் அலீம்

உ
சமயநல்லூர்
5-8-2008

கோரிப்பாளையம் இலைக்கடை உரிமையாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சாக்கு ஈரமாக இருந்ததால் பாதி எழுத்து கலங்கிவிட்டது. இனிமேல் பால்பாயிண்ட் பேனாவில் எழுதவும்.

நமக்குள் நாள் முழுக்கப் பேசினாலும் காசில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நமக்குள்தான் பேச்சே இல்லையே. இல்லாத பேச்சுக்கு எதற்கு இலவசம்? இதைச் சீனியம்மாளிடம் கேட்டேன். "உங்க ரெண்டு பேருக்கும் கிறுக்குப் புடிச்சிருக்கு, யாரு பெரிய கிறுக்குன்னு மட்டுந்தான் இன்னும் தெரியல" என்றாள். அவள் என் பெண்டாட்டியா, உங்கள் தங்கச்சியா என்று சில நேரம் சந்தேகமாக இருக்கிறது.

இருந்தாலும் வியாபாரத்துக்கு நல்லது என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். பையனை அனுப்பவும். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் சின்னப் பையனாக இருக்கும்போதே என் தோப்பில் நொங்கு தின்றவன்.

ந. நல்லகாமன்

உ
சமயநல்லூர்
11-8-2008

இலைக்கடை உரிமையாளருக்கு,

பெட்டி மாட்டியாகிவிட்டது. அதில் நாலு பச்சை விளக்கு. நாலும் எரிந்தால்தான் போன் உயிரோடு இருக்கிறது என்று அல் அமீன் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து சீனியம்மாள் சீரியல் பார்க்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒன்று அணைந்தால், "மூணுதேன் எரியுது, வாங்க வாங்க" என்று தோப்புக்குள் கேட்கிற மாதிரி சத்தம் போடுகிறாள்.

ஒரு குறையை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பழைய போனுக்குக் கரண்ட் வேண்டியதில்லை. ஊரே இருட்டாகக் கிடந்தாலும் அது பாட்டுக்கு அடிக்கும். இந்தப் பெட்டி, கரண்ட் போனால் நமக்கு முன்னால் தூங்கிவிடுகிறது. கரண்ட் தினமும் சொல்லிவைத்த மாதிரி போகிறது. இதை உங்கள் மகன் படித்த படிப்பில் சொல்லித் தரவில்லையா?

பழைய சிவப்பு போன் டி.வி. மேல் இருக்கிறது. செவ்வாய், வெள்ளி அதற்கும் பொட்டு வைக்கிறார்கள்.

ந. நல்லகாமன்

786
கோரிப்பாளையம்
14-8-2008

திரு. நல்லகாமன் அவர்களுக்கு,

நேற்று சாயங்காலம் நான் தெளிவாக மூன்று ரிங் அடித்தேன். மூன்று என்றால் வேண்டாம். ஆடிக் கடைசி, கேட்க ஆள் கிடையாது, ஏற்கெனவே எட்டு கட்டு தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறேன்.

இன்று விடியற்காலை பஸ் கூரையிலிருந்து அறுபது கட்டு இறங்குகிறது! கண்டக்டர், "என்ன பாய், யாரு வீட்டுக் கல்யாணம்?" என்கிறார். கடைக்குள் இடமில்லாமல் வாசலில் அடுக்கினேன். வாசலில் அடுக்கினால் கோரிப்பாளையத்தில் என்ன ஆகும்? ஆடு வந்தது. ஒன்று இரண்டு இல்லை, எந்தெந்தத் தெருவிலிருந்தோ, அழைப்பிதழ் வைத்த மாதிரி வந்தன. விரட்டினால் பக்கத்துக் கடைக்காரர், "விடுங்க பாய், வாயில்லா சீவன், விருந்துக்கு வந்திருக்கு" என்கிறார். பதினோரு மணிக்குள் இருபது கட்டு போய்விட்டது. மீதியை மெஸ்காரர்களுக்கு ஓசியாகக் கொடுத்தேன்.

வேண்டுமென்றே செய்தீர்களா, இல்லை எண்ணத் தெரியவில்லையா? இரண்டில் ஒன்றைச் சொல்லவும்.

அ. அப்துல் அலீம்

உ
சமயநல்லூர்
15-8-2008

இலைக்கடை உரிமையாளருக்கு,

இரண்டுதான் அடித்தது. நான் எண்ணினேன், சீனியம்மாள் எண்ணினாள், களத்தில் இலை அடுக்கிக்கொண்டிருந்த அழகம்மாளும் எண்ணினாள். மூன்று பேரும் இரண்டு என்கிறோம். ஆடி மாதத்தில் இரட்டிப்பா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. கோரிப்பாளையத்துக்காரர் கணக்கு நமக்கெதற்கு என்று ஆள் பிடித்து, இருட்டும்வரை அறுத்து அனுப்பினேன். அறுத்த இலையைத் திரும்ப மரத்தில் ஒட்ட முடியாது.

எண்ணத் தெரியவில்லையா என்று கேட்டதை இந்தக் கடிதத்திலேயே மடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பெற்றுக்கொள்ளவும்.

ந. நல்லகாமன்

786
கோரிப்பாளையம்
18-8-2008

நல்லகாமன் அவர்களுக்கு,

நான் தப்பு என்றால் தப்பு என்று ஒப்புக்கொள்கிறவன். சைக்கிள் கேரியரில் இலை கட்டி வீடு வீடாக விற்ற காலத்திலிருந்து எனக்கு அந்தப் பழக்கம். உங்கள் மேல் தப்பில்லை. என் மேலும் இல்லை.

சோதித்துப் பார்த்தேன். அதே மாதிரி பெட்டி ஒன்றை வீட்டில் மாட்டி, என் வீட்டுக்காரி மைதீன் பீவியை எண்ணச் சொல்லிவிட்டுக் கடையிலிருந்து அடித்தேன். எனக்கு மூன்று கேட்டது. வீட்டில் இரண்டு. மறுபடி அடித்தேன். எனக்கு இரண்டு, அங்கே ஒன்று. "என்னாத்தா இது?" என்று அல் அமீனைப் பிடித்தேன். அவன் சிரித்துக்கொண்டே சொல்கிறான்: நம் காதில் கேட்கிற ரிங் அங்கே அடிக்கிற ரிங் இல்லையாம். அந்தப் பக்கம் அதன் இஷ்டத்துக்கு அடிக்கும். நமக்குக் கேட்பது, நம்மைச் சமாதானப்படுத்த நம் பெட்டியே அடிக்கிற ரிங்காம். "பழைய போன்லயே அது அப்படித்தான் வாப்பா, ஆனா கொஞ்சம் பொருந்தி வரும். இதுல பொருந்தாது" என்கிறான்.

முன்னாலேயே சொல்வதற்கென்ன என்றால், "நீங்க போன்ல பேசுவீங்கன்னு நெனச்சேன், எண்ணுவீங்கன்னு எனக்கு எப்புடித் தெரியும்" என்கிறான். பெற்ற பிள்ளைக்கே நம் தொழில் ரகசியம் தெரியவில்லை.

பழைய லைனைத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். புதிதாக எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டுமாம்.

இப்போது சிக்கல் என்னவென்றால், திருப்பரங்குன்றம் மண்டபத்து மானேஜர் பாலசுந்தரம் சார் நேற்றுக் கூப்பிட்டார். வருகிற செப்டம்பர் பதினொன்றில் பெரிய இடத்துக் கல்யாணம். எத்தனை கட்டு என்பதை முந்தின நாள் சாயங்காலக் கூட்டத்தைப் பார்த்துத்தான் சொல்வார். அறுபதாக இருக்கலாம், நூறாகவும் இருக்கலாம். "பாய், ஒரு கட்டு கொறஞ்சாலும் தை மாசத்துல இருந்து பேப்பர் இலைதான். கம்பெனிக்காரன் சாம்பிள் கொண்டாந்து மேஜை மேல வச்சிட்டுப் போயிட்டான்" என்றார். அந்த மண்டபம் என் வியாபாரத்தில் பாதி. உங்கள் தோப்பில் முக்கால்.

ஆகவே பத்தாம் தேதி சாயங்காலம் நான் அடிக்கும்போது நீங்கள் போனை எடுக்க வேண்டும். எடுத்துக் காதில் வைக்க வேண்டும். வேறு வழி இல்லை.

அ. அப்துல் அலீம்

உ
சமயநல்லூர்
19-8-2008

இலைக்கடை உரிமையாளருக்கு,

எடுக்க மாட்டேன்.

பேப்பர் இலை வரப்போகிறது என்று பயப்படுகிறீர்கள். உங்களுக்கென்ன பயம்? அதை முதன்முதலில் மதுரைக்குக் கொண்டுவந்தவரே நீங்கள்தானே. 1997 வைகாசியில் உங்கள் மகள் சபிஹா கல்யாணத்துக்கு நான் குடும்பத்தோடு வந்தேன். புது வேட்டி. இலைக்காரர் வீட்டுக் கல்யாணம், என் தோப்பு இலையில் பிரியாணி விழும் என்று என் மாமனார் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். உட்கார்ந்தால் முன்னால் வந்து விழுகிறது பூப்போட்ட பேப்பர் தட்டு! இதென்ன பாய் என்று ஒருவர் கேட்டார். அதற்கு நீங்கள், "இதுதான் இப்ப புதுசு" என்று சிரித்தீர்கள். என் மாமனார் என் முகத்தைப் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன். அன்று சாப்பிடாமல் போன பசி இன்னும் ஆறவில்லை.

பாலசுந்தரத்துக்கும் அந்தப் பூப்போட்ட தட்டையே கொடுங்கள்.

ந. நல்லகாமன்

786
கோரிப்பாளையம்
20-8-2008

நல்லகாமனுக்கு,

பதினோரு வருஷம் வாயை மூடியிருந்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

என் மகள் கல்யாணத்துக்கும் மண்டபத்துக்குமாக அன்று நாற்பது கட்டு கேட்டிருந்தேன். நீ சரி என்று சொன்னாய். முதல் பஸ்ஸில் இறங்கியது இருபத்திரண்டு. அதிலும் அங்கங்கே கிழிசல். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. அதே நாள் மண்டபத்துக்கு இருபது கட்டு வாக்குக் கொடுத்திருந்தேன். நல்லதாகப் பார்த்து அவர்களுக்கு அனுப்பினேன். வாடிக்கைக்கு முதலில், வீட்டுக்கு அப்புறம். அப்படித்தான் நான் கடை வைத்தேன். மிச்சத்தில் எத்தனை பேருக்குப் போடுவது? ஓடிப்போய் டவுனில் தட்டு வாங்கி வந்தேன். மைதீன் பீவி அழுதாள்.

பந்தியில் கேட்டபோது, "நல்லகாமன் காலை வாரிவிட்டான்" என்று சொல்லியிருக்கலாம். உன் மாமனார் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதனால்தான் "இதுதான் இப்ப புதுசு" என்றேன்.

பத்தாம் தேதி எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம்.

அலீம்

786
கோரிப்பாளையம்
2-9-2008

நல்லகாமனுக்கு,

பன்னிரண்டு நாளாக இலை வருகிறது, கடிதம் வரவில்லை. கட்டுக்கட்டாகப் பிரித்துப் பார்த்துவிட்டேன். கடையில் நிற்கிற பெண்கள், "பாய் இலைக்குள்ள என்னத்தத் தேடுறாரு?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது. தினமும் முப்பது வருகிறது, நான் என்ன அடித்தாலும் முப்பது. நீ எண்ணுவதையே விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன்.

இன்று நோன்பு தொடங்கிவிட்டது. நோன்பு வைத்துக்கொண்டு கோபத்தையும் வைத்துக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. என் கடிதத்தில் சூடாக ஏதாவது இருந்தால் அதை மட்டும் கிழித்துவிட்டு மிச்சத்தைப் படி.

இன்னும் எட்டு நாள்.

அலீம்

உ
சமயநல்லூர்
8-9-2008

மாமாவுக்கு,

இந்தச் சொல்லை எழுதுவதற்கு இத்தனை நாள் ஆகிவிட்டது. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். நாலாவதைச் சீனியம்மாள் கிழித்தாள், மன்னிப்பே இல்லாமல் மன்னிப்புக் கேட்டிருக்கிறேனாம்.

அந்தக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் சூறைக்காற்று. என் தோப்பில் நிமிர்ந்து நின்ற வாழை நாற்பதுகூட இல்லை. சொன்னால் நீங்கள் வேறு ஆளிடம் இலை எடுத்துவிடுவீர்கள், பிறகு என் பக்கம் திரும்ப மாட்டீர்கள் என்று பயம். நான் தோப்பு போட்டு அப்போது மூன்று வருஷம்தான். பக்கத்துத் தோப்புக்காரன் சுடலை காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு இருபத்திரண்டு தேற்றினேன். பந்தியில் பேப்பர் தட்டைப் பார்த்ததும், என் கிழிசல் இலையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன். மண்டபத்துக்குப் போயிருக்கும் என்று தோன்றவே இல்லை.

சரி. பத்தாம் தேதி போனை எடுக்கிறேன். ஆனால் ஒன்று. எடுப்பேன், முதலில் பேச மாட்டேன். நீங்கள்தான் பேச வேண்டும். மாமனார் வீட்டில் இன்னும் அந்தத் தட்டுக் கதையைப் பேசுகிறார்கள்.

நல்லகாமன்

786
கோரிப்பாளையம்
9-9-2008

மாப்ள,

போனை அடித்தவன் நான். எடுக்கிறவன்தான் முதலில் ஹலோ சொல்ல வேண்டும். உலகம் முழுக்க அதுதான் வழக்கம். நான் ஏற்கெனவே முதல் கடிதம் எழுதியாகிவிட்டது, முதல் ரிங்கும் நானே அடிக்கப் போகிறேன். முதல் பேச்சும் நான்தானா? ஒருத்தன் எத்தனையைத்தான் முதலில் செய்வது?

நாளை நோன்பு திறந்து கஞ்சி குடித்ததும் அடிப்பேன். மூன்றைத் தாண்டி அடித்தால் பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தங்கச்சியிடம் சொல்லி வை. கரண்ட் போனால் வரும்வரை விடாமல் அடிப்பேன். விளக்கு நாலும் எரிகிறதா என்று பார்த்துக்கொள்.

அறுக்க ஆளைப் பிடித்து வை. விளக்கெண்ணெய் முகத்தோடு பாலசுந்தரம் சார் அந்த பேப்பர் இலையைத் தடவிக்கொண்டே இருக்கிறார்.

அலீம்

உ
சமயநல்லூர்
11-9-2008

மாமாவுக்கு,

தொண்ணூற்றைந்து கட்டு. முதல் பஸ் கூரை கொள்ளாது என்று விருமாண்டி டெம்போவில் நேரே மண்டபத்துக்கு அனுப்பிவிட்டேன். ஒரு கிழிசல் கிடையாது. நான் நின்று பார்த்து அடுக்கினேன். இந்தக் கடிதத்தையும் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன்.

நேற்று ஆறு மணிக்குப் போன கரண்ட் ஏழே காலுக்குத்தான் வந்தது. விளக்கு நாலும் ஒவ்வொன்றாக எரிவதற்குள் எனக்கு உயிரே இல்லை. அழகம்மாள் வீட்டார், சுடலை வீட்டார் எல்லாரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், சாமியாடி வாக்குச் சொல்லப் போகிற மாதிரி.

ஒரு விஷயம் எழுத்தில் இருக்கட்டும். அடித்தது. எடுத்தேன். பேசாமல் நின்றேன். நீங்களும் பேசவில்லை. இந்த மனுசன் நோன்பு திறந்த கையோடு இம்புட்டு நேரம் போராடியிருக்கார், நாம ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சா போயிருவோம் என்று நினைத்து, நானே "மாமா" என்றேன். அதற்கு அப்புறம்தான் நீங்கள் "மாப்ள" என்றீர்கள். ஆகவே முதலில் பேசியது நான். பெரிய மனசு யாருடையது என்று கோரிப்பாளையத்தில் யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லவும்.

நல்லகாமன்

786
கோரிப்பாளையம்
12-9-2008

மாப்ள,

கல்யாணம் நன்றாக நடந்தது. கடைசிப் பந்திக்கும் இலை இருந்தது. பாலசுந்தரம் சார் பேப்பர் சாம்பிளை எடுத்து ரசம் வைத்த அண்டாவை மூடியிருந்தார். தை மாதத்துக்கும் நம்மிடம்தான்.

ஆனால் நீ எழுதியிருப்பது பொய். முதலில் பேசியது நான். "மாப்ள" என்றேன், நன்றாகக் கேட்டது. அதற்கு அப்புறம் சற்று இடைவெளி விட்டு உன் "மாமா" வந்தது. மைதீன் பீவி சாட்சி, பக்கத்திலேயே நின்றாள்.

அல் அமீனிடம் பஞ்சாயத்து வைத்தேன். இந்தப் பெட்டியில் குரல் போய்ச் சேர அரை விநாடி பிந்துமாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியிருப்போம், அவரவருக்கு அவரவர் குரல் முதலில் கேட்டிருக்கும் என்கிறான். இவன் சொல்லும் நியாயத்தில் யாருக்குமே பெருமை இல்லாமல் போகிறது. நான் ஏற்கவில்லை.

மற்றபடி, முந்தாநாள் ஒரு மணி நேரம் பேசினோமே, அதில் இலையைப் பற்றி எத்தனை நிமிஷம்? நான் கணக்குப் பார்த்தேன், இரண்டு. இலவசம் என்று போன் மாட்டியது நான்தான், ஆனால் என் கடையைப் பார்ப்பது யார்?

வருகிற பெருநாளைக்கு நீயும் தங்கச்சியும் வர வேண்டும். சபிஹாவும் வருகிறாள். உன் மாமனாரையும் கூட்டி வா. அவர் முன்னால் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது.

அலீம்

உ
சமயநல்லூர்
26-9-2008

மாமாவுக்கு,

தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். இருந்தாலும் இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. சாக்குக்குள் எழுதிப் பழகிவிட்டது.

பெருநாளைக்கு வாரோம். மாமனாரும் வாரார். அவரிடம் சூறைக்காற்றுக் கதையை நானே சொல்லிவிட்டேன். "இம்புட்டுதானா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். இதற்காகவா பதினோரு வருஷம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இலை நான் கொண்டுவருகிறேன். அன்றைக்கு நாற்பது கேட்டீர்கள், இருபத்திரண்டு அனுப்பினேன். மிச்சம் பதினெட்டு கட்டு. ஒரு வீட்டுப் பெருநாளுக்குப் பதினெட்டு கட்டு எதற்கு என்று கேட்காதீர்கள். மூன்று ரிங் அடித்தாலும் கொண்டுவருவேன். உங்கள் தெருவில்தான் அத்தனை ஆடு இருக்கிறதே, அவற்றுக்குப் போடுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒரு இலை எடுத்துப் போட்டுவிடுங்கள். பசிக்கிறது.

நல்லகாமன்